"ஃபுல் செட் மாத்திடுங்கம்மா!"

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். எதிர்வீட்டு அக்கா கையில் ஒரு பென் டிரைவோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. தலைத்திதிக்கு முன்னால் நல்ல படமாக ஒன்றைப் பெரிதுபடுத்திச் சட்டம் போட வேண்டுமாம்.

"தம்பி, புதுக் கம்ப்யூட்டர்ல அவரு வெச்சிருந்த படம் ஒண்ணுமே காணோம். எங்க போச்சுன்னு பாத்து இதுல போட்டுக் குடுப்பா."

எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. அண்ணனுக்குப் புகைப்படம்தான் உயிர். வருஷா வருஷம் வைகாசியில் திருக்காமீஸ்வரர் தேருக்கு விடியற்காலையிலேயே காமிராவோடு போய் நிற்பார். கவர்னர் வடம் பிடிக்கும் படம் அவரிடம் எத்தனை வருடத்துக்கு இருந்தது என்று எனக்குத் தெரியும். மாதா கோயில் திருவிழா, ஊசுடு ஏரிப் பறவைகள், மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து என்று எல்லாமே அந்தப் பழைய டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில்தான். வேறு எங்கும் பிரதி கிடையாது.

நடந்தது இது. போன தீபாவளிக்குச் சில நாள் முன்பு அக்கா அந்த டெஸ்க்டாப்பை டவுனில் ஒரு கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். குறை இரண்டு. பெட்டி ரொம்ப மெதுவாக ஓடுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி 2013க்குப் போய்விடுகிறது, அதனால் பாங்குப் பக்கமெல்லாம் திறக்க மாட்டேன் என்கிறது. கடைக்காரப் பையன் கேபினெட்டின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போயிடுச்சும்மா. இதுக்கு இப்ப ஸ்பேரே வராது. விண்டோஸ் 10 இந்த மாசத்தோட முடியுது, 11 இதுல ஏறாது. ஃபுல் செட் மாத்திடுங்கம்மா." எக்ஸ்சேஞ்சில் பழையதற்கு 1500 ரூபாய் கழித்து, 22,500 ரூபாய்க்கு ஒரு 'ஐ-5' பெட்டி. ஹார்ட் டிஸ்க் பழைய பெட்டியோடு போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

தேதி பின்னால் போவதற்குப் போர்டு போக வேண்டியதில்லை. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு செல் இருக்கும், சி.ஆர்.2032 என்று எண். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஐந்தாறு வருடத்தில் தீர்ந்துபோகும். பயாஸ் எந்த வருடம் எழுதப்பட்டதோ அந்த வருடத்துக்கே தேதி திரும்பிவிடும். தேதி தப்பாக இருந்தால் பாங்குத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். மளிகைக் கடையில்கூட அந்த செல் கிடைக்கிறது. நாற்பது ரூபாய்.

நான் பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக 31 வருடம் இருந்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் எது எதோடு பொருந்தும் என்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. எங்கள் ஆலையில் அந்தக் காலத்து இங்கிலாந்து இயந்திரங்களும் பின்னால் வந்த மெட்ரிக் இயந்திரங்களும் ஒரே கூரையின் கீழ் ஓடின. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. எம்-12 மெட்ரிக் போல்ட்டில் மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நட்டைப் போட்டால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகிக்கொள்ளும். புதுப் பையன்கள் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் திருகி மரையை நாசம் செய்வார்கள். அப்போதுகூட எங்கள் ஃபோர்மேன் தறியையே மாற்றச் சொன்னதில்லை. சரியான போல்ட்டை எடுத்துவரச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்புவார்.

கம்ப்யூட்டரும் மரை விவகாரம்தான். சும்மா ஒப்புமைக்குச் சொல்லவில்லை. ஒரு கேபினெட்டுக்குள்ளேயே இரண்டு மரை இருக்கிறது. பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பிடிக்கும் திருகு அமெரிக்க அளவு, அங்குலத்துக்கு 32 மரை. எஸ்.எஸ்.டி.யைப் பிடிப்பது எம்-3 மெட்ரிக். சின்னதைப் பெரிய துளையில் போட்டால் ஆடும், பெரியதைச் சின்னதில் திருகினால் துளை போய்விடும். முதல் முறை என் பெட்டியைத் திறந்தபோது இதைக் கண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். முப்பது வருடம் கழித்தும் அதே சனியன்!

என்னிடம் இருப்பதும் அண்ணன் வாங்கிய அதே ரகம். ஐ-3 4130, எச்-81 மதர்போர்டு, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். இரண்டு பேரும் 2014இல் ஒரே வாரத்தில் வாங்கினோம். 2024இல் என்னுடையது உட்கார்ந்துவிட்டது. போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தால்தான் திரை வரும். நானும் ஒரு கடைக்குப் போனேன், அதே பாட்டைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி, போர்டில் அச்சடித்திருந்த பெயரைத் தாளில் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயரைத் தேடினால் அதைச் செய்த கம்பெனியே என்னென்ன பொருந்தும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டு ராம் பள்ளம், டி.டி.ஆர்.3, அதிகபட்சம் 16 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வைக்க முழு வேக சாட்டா துளை இரண்டு. வேறென்ன வேண்டும்?

ராம் வாங்குவதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே முகம். டி.டி.ஆர்.3க்கு 240 முனை, மற்ற இரண்டுக்கும் 288. அடியில் வெட்டியிருக்கும் பள்ளம் மூன்றிலும் வேறு வேறு இடத்தில். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது, அழுத்தினால் உடையும். மின்னழுத்தமும் வேறு: 1.5 வோல்ட், 1.2, 1.1. மடிக்கணினி ராம் பாதி நீளம்தான். இன்னொரு பொறியும் உண்டு. 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரொம்ப மலிவாகக் கிடைத்தால் அது ஏ.எம்.டி. பெட்டிக்கு மட்டும் வேலை செய்யும் ரகமாக இருக்கலாம், சர்வரிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். நம் இன்டெல் பெட்டியில் போட்டால் திரையே வராது. நான் இரண்டாம் கையாக ஒரு 8 ஜி.பி. ராமைக் கடையிலேயே போட்டு, திரை வந்த பிறகுதான் காசு கொடுத்தேன். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. புதிது. அதோடு அந்த நாற்பது ரூபாய் செல். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள். இப்போது போட்டால் அரை நிமிடத்துக்குள் திரை. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.யிலும் ஒரு வார்த்தை. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கிற எம்.2 ரகத்தை வேகம் அதிகம் என்று தள்ளிவிடுவார்கள். நம் காலத்துப் போர்டில் அதற்குத் துளையே இருக்காது. தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல இருக்கும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் நமக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்.பி. படிக்கும், இது ஐந்நூறைத் தாண்டும். போதும்.

இப்போது கம்பெனிக்காரர்களிடம் வருகிறேன். 2015இல் இன்டெல் ஒரு சாக்கெட் கொண்டுவந்தது, 1151 முனை. ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை சிப் இரண்டும் அதில் ஓடின. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. அதே 1151 முனை, அதே அளவு, பழைய போர்டில் உட்காரவும் செய்யும். ஆனால் ஓடாது. புதுப் போர்டு வாங்கு என்றார்கள். மின்சாரத்துக்கான முனைகளைக் கூட்டியிருக்கிறோம் என்று காரணமும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் எங்கெங்கோ இருந்த பொடியன்கள் சில முனைகளில் துளியூண்டு நாடா ஒட்டி, பயாஸைத் திருத்தி, அதே சிப்பைப் பழைய போர்டில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஃபிட்டரான எனக்கு இதைப் படித்தபோது கோபம் தாங்கவில்லை. மரை வேறு என்றால் தலையையாவது வேறு மாதிரி செய்யவேண்டாமா?

போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி. யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய ஏ.எம்.4 சாக்கெட் 2016இல் வந்தது, வருடக்கணக்காக அதே சாக்கெட்டுக்குப் புதுச் சிப் விட்டார்கள், அது பாராட்ட வேண்டியது. ஆனால் 2020 மே மாதம், அடுத்து வரும் சிப் 400 வரிசைப் போர்டுகளில் ஓடாது என்றார்கள். வாங்கியவர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். அதே மாதம் முடிவதற்குள் "சரி, ஓடும்" என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு அதைவிடப் பழைய போர்டுகளுக்கும் வழி திறந்தது. ஆக, முடியாது என்பதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வியாபாரம் என்பது கேட்கிறவன் குரலைப் பொறுத்துத்தான் தெரிகிறது.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் வேடிக்கை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும் என்கிறார்கள். நாலு கோர் உள்ள ஐ-7 7700கே அவர்கள் பட்டியலில் கிடையாது. இரண்டே கோர் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும் செலிரான் என்4020 பட்டியலில் உண்டு. பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கட்டும். ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று உலகம் முடியவில்லை. விண்டோஸ் 10 அன்றைக்கு நின்றுவிடுவதில்லை, பாதுகாப்புத் திருத்தம் வருவதுதான் நிற்கிறது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு அதுவும் 2026 அக்டோபர் 13 வரை வருகிறது. இதைக் கடையில் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

விண்டோஸே வேண்டாம் என்கிறவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. என் தங்கை மகன் வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான். நம் நாட்டு சி-டாக் நிறுவனமே பாஸ் என்ற லினக்ஸைச் செய்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு வராதா? ஒரு வாரம் தடுமாறினேன், பிறகு பழகிவிட்டது. ஓய்வூதிய உயிர்ச் சான்றுக்கு மட்டும் இ-சேவை மையத்துக்குப் போகிறேன். அது விண்டோஸ் இருந்தபோதும் அப்படித்தான், என்னிடம் விரல்ரேகைக் கருவி கிடையாது.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசவேண்டும். ஒரு ராம் விற்றால் அவருக்கு நூறு ரூபாய் நின்றால் அதிகம். கடை வாடகை, ஆள் சம்பளம் இருக்கிறது. பழைய பெட்டியில் கை வைத்த பிறகு வேறு ஏதாவது போனால் "நீதான் கெடுத்தாய்" என்று நாமே சண்டைக்குப் போவோம். போன வருடக் கடைசியிலிருந்து செயற்கை அறிவுக் கூடங்களுக்கு நினைவகச் சில்லெல்லாம் போவதால் ராம் விலை வேறு ஏறிக் கிடக்கிறது. உண்மையிலேயே முடிந்துபோன பெட்டிகளும் உண்டு. போர்டில் இருக்கும் கெபாசிட்டர்கள் உப்பிப்போய் இருந்தால் நானும் விட்டுவிடச் சொல்வேன். டெல், எச்.பி., லெனோவோ போன்ற கம்பெனிகளின் பல அலுவலக டெஸ்க்டாப்களில் எஸ்.எம்.பி.எஸ். பிளக்கே சொந்த அளவு. எல்லோரும் போடும் 24 முனை பிளக் அதில் ஏறாது. அப்படிப்பட்ட பெட்டியில் பவர் சப்ளை போனால் பொருத்தமானதைத் தேடுவது சிரமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்க்கக் கூலியாக ஐந்நூறு ரூபாய் கேட்கட்டும், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூடியைத் திறக்காமல் போர்டு போய்விட்டது என்று ஒரு கைம்பெண்ணிடம் சொல்வதற்கு எந்த வாடகையும் சமாதானம் ஆகாது.

இனிதான் முக்கியமானது. அக்காவின் புதுப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். படம் எங்கேயும் இல்லை. போன வேகத்தில் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று திறந்தேன். ஐ-5 3470 என்று இருந்தது. ஒரு நிமிடம் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஐ-3, ஐ-5 என்பது வெறும் ஜாதிப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது. 4130 என்றால் நான்காம் தலைமுறை. 12100 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு. 3470 மூன்றாம் தலைமுறை. 2012இல் வந்த சிப். அக்கா கொடுத்துவிட்டு வந்தது 2013இல் வந்தது. மூடியைக் கழற்றினேன். எச்-61 போர்டு. அது 2011 சங்கதி. அதன் சாட்டா வேகமும் பழைய போர்டில் பாதி. போர்டு என்னவோ பளபளவென்று புதிது, இந்த வகைப் போர்டுகளை இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எங்கோ கழித்துக் கட்டிய அலுவலகப் பெட்டியின் சிப்பை அதில் குத்தி, கண்ணாடிக் கேபினெட்டில் வைத்து, கலர் விளக்கு போட்டுவிட்டால் புதுப் பெட்டி. நாலு கோர் இருப்பதால் சில வேலைகளில் பழையதைவிடக் கொஞ்சம் வேகம்தான், அதை மறைக்க மாட்டேன். பில்லில் இருப்பது 'கோர் ஐ-5, 8 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி.' என்று ஒரே வரி. தலைமுறை எண் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அதில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது! நான்காம் தலைமுறையில் ஏறாது என்று சொன்ன கடை, மூன்றாம் தலைமுறையில் ஏற்றிக் கொடுத்திருக்கிறது. சோதனையைத் தாண்டி ஏற்ற வழி இருக்கிறது, எல்லாக் கடைக்காரருக்கும் அது தெரியும்.

பழைய ரசீதை எடுத்துக்கொண்டு அக்காவின் அக்கா மகனும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். "எக்ஸ்சேஞ்ச் பெட்டியெல்லாம் மொத்தமா லாட்ல போயிடும் சார். இப்ப எங்க போய்த் தேடறது?" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். டிஸ்க்கைக் கழற்றித் தருகிறோம் என்று ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அவங்க கேக்கலியே சார்." தலைமுறையை ஏன் எழுதவில்லை என்றதற்கும் அதே பதில்.

கேட்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் எனக்கு நம்மவர்கள் மேலும் கோபம். "எனக்கென்னப்பா தெரியும், நீயே பாத்துச் செய்யி" என்பதை நாம் ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொள்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கியிருப்போமா? மோட்டார் வாங்கினால் எத்தனை எச்.பி., காயில் செம்பா அலுமினியமா என்று குடைந்து எடுப்போமே. இருபதாயிரம் கொடுத்து வாங்குகிற பெட்டியில் மட்டும் நமக்கு ஏன் இந்தக் கூச்சம்? மூடியில் இரண்டே திருகு. திறக்கச் சொல்லுங்கள். பில்லில் சிப்பின் முழு எண்ணையும் போர்டின் பெயரையும் எழுதாமல் காசைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள். அதில் உங்கள் படம் மட்டும் இல்லை, ஆதார், பாங்குப் புத்தகம், பத்திர நகல் எல்லாம் இருக்கிறது.

நம் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பென்ஷன் வருகிற நாட்டில், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது 2015லிருந்து குற்றம். இரண்டு வருடம் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை போகும். 2021லிருந்து மடிக்கணினி மேலெல்லாம் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டி விற்கிறார்கள். இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. மதிப்பெண் ஒட்டுவது பற்றி ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. முதலில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்குமாம். திருகாணி வைத்துக் கழற்றக்கூடிய ஒரே பொருள் டெஸ்க்டாப், அது பட்டியலில் இல்லை.

அண்ணன் எனக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத் தேடினேன். ஆறு கிடைத்தன. ஐந்தில் தேர் இருக்கிறது, பறவை இருக்கிறது, அவர் இல்லை. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்? ஆறாவதில் கோயில் வாசல் பித்தளைக் குடத்தில் அவர் முகம் காமிராவோடு வளைந்து தெரிகிறது. ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கினால் பிசிறடிக்கும் என்கிறார். அக்கா அதுவே போதும் என்று சொல்லிவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம் என்றேன். "வேணாம் தம்பி, அந்தப் பையனைப் பாத்தா பாவமா இருக்கு" என்கிறார். நான் இன்னும் வற்புறுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். பில் என் மேசை டிராயரில் இருக்கிறது.